நிமோனியா தடுப்பூசி: குழந்தைக்கு எப்போது, பெரியவர்களுக்கு எப்போது, எத்தனை நாள் இடைவெளி?

நம் குலசேகரன்பட்டினத்தில் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் அலமாரியைத் திறந்தால் தாய் சேய் நலப் புத்தகம் இருக்கும். போட்ட ஊசி, போட வேண்டிய ஊசி எல்லாம் தேதியோடு அதில் எழுதியிருக்கும். ஒரு புதன்கிழமை தவறினால் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து கேட்பார். அதே அலமாரியில் வாப்பாவுடைய ஃபைலும் இருக்கும். சர்க்கரை ரிப்போர்ட், இ.சி.ஜி., மருந்துச் சீட்டு என்று கட்டுக்கட்டாக இருக்கும். ஆனால் தடுப்பூசி பற்றி ஒரு வரியும் இருக்காது. அவரைத் தேடி வந்து கேட்பவரும் இல்லை.

நிமோனியா அதிகம் தாக்குவது இந்த இரு வயதினரைத்தான்: 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்த பெரியவர்கள். இருவருக்கும் தடுப்பூசி இருக்கிறது. எப்போது போடுவது, இரண்டு ஊசிக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது, தேதி தவறினால் என்ன செய்வது என்பதில்தான் பல குடும்பங்களுக்குக் குழப்பம். அதை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த நோய்க்கு இந்த ஊசி?

நிமோனியா என்பது நுரையீரலில் ஏற்படும் தொற்று. வைரஸ், பாக்டீரியா எனப் பல கிருமிகளால் வரும். அவற்றில் முக்கியமானது நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. இது நுரையீரலை மட்டுமல்ல, காது, இரத்தம், மூளை உறை ஆகியவற்றையும் தாக்கும். 'நிமோனியா ஊசி' என்று நாம் சொல்வது இந்த ஒரு கிருமிக்கு எதிரான ஊசியைத்தான்.

ஆகவே ஊசி போட்டவருக்கு நிமோனியாவே வராது என்று எண்ணக் கூடாது. மற்ற கிருமிகளுக்கு மற்ற ஊசிகள் உண்டு. ஹிப் என்ற கிருமிக்கான மருந்து, குழந்தைகளுக்குப் போடும் பெண்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலேயே அது தொடங்கிவிட்டது. தட்டம்மைக்குப் பின் வரும் நிமோனியாவைத் தட்டம்மை ஊசி தடுக்கிறது. ஃப்ளூ காய்ச்சலுக்குப் பின் வருவதை ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி குறைக்கிறது.

இரண்டு வகை ஊசிகள்

நியூமோகாக்கஸ் கிருமியைச் சுற்றி சர்க்கரைப் பொருளால் ஆன ஓர் உறை உண்டு. அந்த உறையின் அமைப்பை வைத்து 100 வகைகளுக்கு மேல் பிரித்திருக்கிறார்கள். ஊசியின் பெயரில் வரும் 10, 13, 20, 23 என்ற எண்கள், அது எத்தனை வகைகளுக்கு எதிரானது என்பதைக் குறிக்கின்றன.

முதல் வகை பி.பி.எஸ்.வி. 23. இதில் உறைப் பொருள் மட்டும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளுக்குப் பின் 1977-இல் 14 வகை ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1983-இல் அது 23 வகை ஊசியானது. இதற்கு இரண்டு குறைகள் உண்டு. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடல் இதை ஏற்று எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதில்லை. பெரியவர்களுக்கும் இதன் பாதுகாப்பு சில ஆண்டுகளில் குறைந்துவிடும்.

இரண்டாவது வகை பி.சி.வி. எனப்படும் கான்ஜுகேட் ஊசி. அதே உறைப் பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தது. புரதம் சேர்ந்ததும் கைக்குழந்தையின் உடல்கூட அதை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த ஊசியில் எதிர்ப்புச் சக்தி பன்மடங்கு கூடுகிறது. 2000-ஆம் ஆண்டில் 7 வகை ஊசியாக வந்தது, 2010-இல் 13 வகையானது. இந்தியாவில் சீரம் நிறுவனம் தயாரித்த 10 வகை ஊசியான நியூமோசில் 2020 டிசம்பரில் வெளியிடப்பட்டது. 20 வகை ஊசியும் இப்போது பெரியவர்களுக்காக நம் நாட்டில் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது.

குழந்தைகளுக்கு எப்போதும் பி.சி.வி.தான். பெரியவர்களுக்கு இரண்டு வகையும் பயன்படும். ஆனால் எது முதலில் என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

குழந்தைகளுக்கு அரசு அட்டவணை

மத்திய அரசு 2017 மே மாதம் இமாசலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் பி.சி.வி.யைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டிலேயே நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. தனியாரில் ஒரு தவணைக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும் இந்த ஊசி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம்.

அட்டவணை இதுதான்:

முதல் ஊசி: 6 வாரம்
இரண்டாம் ஊசி: 14 வாரம்
பூஸ்டர்: 9 மாதம்

10-ஆவது வாரத்தில் பெண்டாவேலன்ட், போலியோ, ரோட்டா சொட்டு மருந்து எல்லாம் கொடுப்பார்கள். நிமோனியா ஊசி மட்டும் இருக்காது. விட்டுப் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். முதல் இரண்டு ஊசிக்கும் நடுவே 8 வாரம் வேண்டும் என்பதால்தான் 6-க்குப் பின் 14 வருகிறது.

ஓர் உதாரணம். 2025 ஜனவரி 1, புதன்கிழமை பிறந்த குழந்தைக்கு முதல் ஊசி பிப்ரவரி 12, இரண்டாவது ஏப்ரல் 9, பூஸ்டர் அக்டோபர் 1. மூன்றுமே புதன்கிழமைதான். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் இப்படிக் கணக்குப் போட்டுக் காலண்டரில் குறித்து வைப்பது எளிது.

இந்த மூன்றில் அதிகம் தவறுவது 9 மாத ஊசி. அதற்குள் தாய் பிறந்த வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போயிருப்பார். அல்லது சென்னைக்கோ வளைகுடாவுக்கோ கணவரிடம் கிளம்பியிருப்பார். முதல் இரண்டு ஊசியும் உடலுக்குக் கிருமியை அறிமுகம் செய்கின்றன. அந்த அறிமுகத்தை நிலைக்க வைப்பது பூஸ்டர்தான். பிள்ளை தவழ்ந்து, நடந்து, நாலு பேரோடு பழகும் வயதில் பாதுகாப்பு குறையாமல் இருக்க அது வேண்டும். 9 மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு ஒரே நாளில் இதைப் போடலாம், ஒன்றும் ஆகாது.

தேதி தவறினால்?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போட்ட ஊசி எதுவும் வீணாவதில்லை.

மேலே சொன்ன குழந்தைக்கு முதல் ஊசி நான்கு வாரம் தள்ளி மார்ச் 12-இல் போடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஊசி அதிலிருந்து 8 வாரம் கழித்து மே 7. பூஸ்டர் அதே அக்டோபர் 1. தாமதத்தை ஈடுகட்ட இடைவெளியைச் சுருக்கக் கூடாது. இடைவெளி கூடினால் பாதுகாப்பு தாமதமாகும், அவ்வளவுதான். மிகவும் குறைந்தால் ஊசியின் பலனே குறையும்.

ஒரு வயது தாண்டியும் ஒரு ஊசிகூடப் போடவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலில் இதற்கும் கணக்கு இருக்கிறது. 7 முதல் 11 மாதத்தில் தொடங்கினால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு இரண்டாவது வயதில் ஒரு பூஸ்டர். 12 முதல் 23 மாதத்தில் தொடங்கினால் 8 வார இடைவெளியில் இரண்டு ஊசி. 2 வயது முதல் 5 வயதுக்குள் என்றால் 13 வகை ஊசி ஒன்றே போதும். வயது கூடக் கூட ஊசியின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் ஆபத்து மிகுந்த முதல் ஆண்டில் பிள்ளை பாதுகாப்பின்றி இருந்துவிடுகிறது.

தனியாரிலும் வெளிநாட்டிலும் போட்டவர்கள்

தனியார் மருத்துவமனையில் 6, 10, 14 வாரம் என மூன்று ஊசியும் 12 முதல் 15 மாதத்தில் ஒரு பூஸ்டரும் போடுவார்கள். சவூதியில் 2, 4, 6 மாதங்களிலும் பிறகு 12-ஆவது மாதத்திலும் போடுகிறார்கள். 'அங்கே நாலு, இங்கே மூணு, எது சரி?' என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாமே ஆய்ந்து ஏற்கப்பட்ட முறைகள்தான். உலக சுகாதார நிறுவனமும் இரண்டு ஊசி, ஒரு பூஸ்டர் என்ற மூன்று தவணை முறையை ஏற்கிறது.

ஒன்றைத் தொடங்கி நடுவில் ஊர் மாறினால் கையில் சீட்டு இருக்க வேண்டும். எந்த ஊசி, எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் அடுத்தவர் தொடர முடியும். முடிந்தவரை ஒரே வகை ஊசியில் முடிப்பது நல்லது. அது கிடைக்காவிட்டால் கிடைக்கும் பி.சி.வி.யில் தொடரலாம். அரசு ஊசிகள் யூ-வின் தளத்தில் பதிவாகின்றன. பதிவு செய்யும்போது சரியான செல்போன் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். தனியாரில் போட்டதையும் தாய் சேய் நலப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.

லேசான சளி இருந்தால்?

லேசான சளி, இருமல், இளம் சூடு இருந்தால் ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம். கடும் காய்ச்சல் என்றால் குணமான பின் போடலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்தால் போதும். முன்பு போட்ட இதே ஊசிக்கோ, தொண்டை அடைப்பான் மருந்து கலந்த ஊசிக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெரியவர்களில் யாருக்கு வேண்டும்?

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பெரியவர்களுக்கு இந்த ஊசி இல்லை. நாமே கேட்டு, பணம் கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது. அதனால் யாருக்கு அவசியம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, 65 வயதைக் கடந்த அனைவரும். அமெரிக்காவில் 2024 அக்டோபரில் இந்த வயது வரம்பை 50-ஆகக் குறைத்தார்கள்.

இரண்டு, வயது குறைவாக இருந்தாலும் சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள், புகைப்பவர்கள். பீடி, சிகரெட் மட்டுமல்ல, விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். பல வருடம் விறகடுப்பில் சமைத்த, கருப்பட்டி காய்ச்சிய பெண்களுக்குப் பீடியைத் தொடாமலேயே நாள்பட்ட இளைப்பு வருவது இதனால்தான்.

மூன்று, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். டயாலிசிஸ் செய்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள். மண்ணீரலை அகற்ற நாள் குறித்திருந்தால், இரண்டு வாரத்துக்கு முன்பே ஊசியைப் போட்டுவிடுவது நல்லது.

பெரியவர்களுக்கு வரிசையும் இடைவெளியும்

இதுவரை எந்த நிமோனியா ஊசியும் போடாதவருக்கு இரண்டு வழிகள்:

20 வகை பி.சி.வி. கிடைத்தால் ஒரே ஊசி. அத்தோடு முடிந்தது.

13 வகை பி.சி.வி. போட்டால், ஓர் ஆண்டு கழித்து பி.பி.எஸ்.வி. 23. உதாரணமாக 2025 மார்ச் 10-இல் முதல் ஊசி என்றால், இரண்டாவது 2026 மார்ச் 10-இலோ அதற்குப் பிறகோ. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் மருத்துவர் இந்த இடைவெளியை 8 வாரமாகக் குறைப்பார்.

ஏன் பி.சி.வி. முதலில்? உடலில் நினைவை உருவாக்குவது அதுதான். பி.பி.எஸ்.வி.யை முதலில் போட்டுவிட்டால் அடுத்து வரும் பி.சி.வி.க்கு உடல் காட்டும் எதிர்வினை மங்கலாம். ஏற்கெனவே அப்படிப் போட்டுவிட்டீர்களா? கவலை வேண்டாம். ஓர் ஆண்டு பொறுத்து பி.சி.வி. போடலாம்.

'ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போடணும்' என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது எல்லாருக்கும் பொருந்தாது. 65 வயதுக்குப் பின் பி.பி.எஸ்.வி. 23 போட்டவருக்கு அதே ஊசி மறுபடி வேண்டியதில்லை. 65-க்கு முன்பே போட்டவர், 65 ஆன பின், முந்தையதிலிருந்து 5 ஆண்டாவது கழித்து ஒருமுறை போடலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 65-க்கு முன்பே 5 ஆண்டு இடைவெளியில் இன்னொன்று தேவைப்படலாம். ஆண்டுதோறும் போட வேண்டியது ஃப்ளூ ஊசிதான். நிமோனியா ஊசியையும் ஃப்ளூ ஊசியையும் ஒரே நாளில் வேறு வேறு கையில் போடலாம்.

வாங்கும்போது ஒரு கவனம் தேவை. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தூத்துக்குடியில் வாங்கிக் கைப்பையில் போட்டு வெயிலில் பஸ்ஸில் கொண்டு வந்தால் கொடுத்த பணத்துக்குப் பலன் இல்லாமல் போகலாம். ஊசி இருப்பு உள்ள மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வதே மேல்.

ஹஜ், உம்ரா செல்வோருக்கு

'ஹஜ் முகாமில் எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். முகாமில் போடும் முக்கியமான ஊசி மூளை உறைக் காய்ச்சலுக்கானது. மெனிங்கோகாக்கஸ் என்ற வேறொரு கிருமிக்கு எதிரான அந்த ஊசியை சவூதி அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கு சென்று இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். கான்ஜுகேட் வகை என்றால் சான்று 5 ஆண்டுக்கும், பழைய வகை என்றால் 3 ஆண்டுக்கும் செல்லும். இது நிமோனியா ஊசி அல்ல. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஹஜ் காலத்தில் பயணிகள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் முக்கியக் காரணங்களில் நிமோனியாவும் ஒன்று. பல நாட்டு மக்கள், நெரிசல், மினா கூடாரம், வெயிலும் ஏ.சி.யும் மாறி மாறி, களைப்பு. வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதில் எளிதில் விழுந்துவிடுகிறார்கள். பயணம் உறுதியானதுமே மருத்துவரைப் பார்த்து பி.சி.வி. போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் வேண்டும். இரண்டாவது ஊசிக்கு ஓர் ஆண்டு ஆகுமே என்று முதல் ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம். அதைத் திரும்பி வந்த பின் போடலாம். மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் ஹஜ் ஊசியையும் நிமோனியா ஊசியையும் போடும் நாட்களை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நம்மவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

ஊசியில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறதா? 13 வகை பி.சி.வி., நியூமோசில், பி.பி.எஸ்.வி. 23 ஆகியவற்றின் உட்பொருள் பட்டியலில் ஜெலட்டின் இல்லை.

நோன்போடு போடலாமா? உணவுச் சத்துக்காக அல்லாத ஊசி நோன்பை முறிக்காது என்பது பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. மனம் ஒப்பாதவர்கள் நோன்பு திறந்த பின் போட்டுக்கொள்ளலாம். அதற்காக ரமளான் முடியட்டும் என்று குழந்தையின் தவணையைத் தள்ள வேண்டியதில்லை. குழந்தைக்கு நோன்பும் இல்லை.

ஊசி போட்டிருந்தாலும் கவனியுங்கள்

சளிக்குச் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி குடிப்பது நம் ஊர் வழக்கம். தொண்டைக்கு இதம்தான். ஆனால் மூச்சு வேகமானால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 முதல் 12 மாதத்துக்கு 50, 1 முதல் 5 வயதுக்கு 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் துவண்டாலும் நேரம் கடத்த வேண்டாம்.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். திடீரென்று பேச்சில் தடுமாற்றம், ஆள் அடையாளம் தெரியாமை, சாப்பாடு இறங்காமை, படுக்கையை விட்டு எழ முடியாமை ஆகியவை முதல் அறிகுறியாக இருக்கலாம். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையின் புத்தகத்தை எடுத்து 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்ற மூன்று கட்டத்திலும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாப்பா, உம்மாவுடைய ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, ஊசியின் பெயர், போட்ட தேதி, அடுத்த தேதி என்று மூன்று வரி எழுதுங்கள். ஒன்றுமே போடவில்லை என்றால் 'போடவில்லை' என்று எழுதி, அடுத்த முறை சர்க்கரைக்குக் காட்டப் போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டுங்கள். பிள்ளையின் ஊசியைச் செவிலியர் வந்து நினைவூட்டுவார். பெற்றோரின் ஊசியை நினைவூட்ட நம்மை விட்டால் வேறு ஆளில்லை.